போர்டு திறந்திருந்த மத்தியானம்

சங்ககிரியில் பவளாயி ரோட்வேஸ் ஆபீசுக்குப் புது டெலிபோன் போர்டு வந்திறங்கிய ஆவணி மாதத்தில், அந்த ஆபீசில் வேலை பார்த்தவர்களின் குரல் அவரவர் லெவலோடு நின்றுபோனது. அதற்கு முன்னால் அங்கே யாருக்கும் லெவல் என்று ஒன்று கிடையாது. கையில் போன் கிடைத்தால் நாக்பூருக்கும் பேசலாம், நாத்தனாருக்கும் பேசலாம். முதலாளி அர்த்தநாரி ஒருமுறை கோயமுத்தூரில் சம்பந்தி ஆபீசுக்குப் போனபோது, அங்கே ஒரு குமாஸ்தா வெளியூருக்கு நம்பர் போட்டுப் பார்த்து, முடியாமல் போனையே வெறித்துக்கொண்டு நின்றதைக் கண்டு மனசு குளிர்ந்துபோய், ஊர் திரும்பிய கையோடு நமக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டுமென்று ஆர்டர் கொடுத்துவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது போர்டு அல்ல, குமாஸ்தாவின் அந்த முழிதான்.

போர்டுக்குத் தேங்காய் உடைத்து, குங்குமம் வைத்து, யாருக்கு எந்த லெவல் என்று முதலாளியே வாயால் சொல்லச் சொல்ல, ஆபரேட்டர் தெய்வானை ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு பாஸ்வேர்டு கொடுத்துப் பதிந்தாள். குடோன்காரர்களுக்கும் புக்கிங்காரர்களுக்கும் முதல் லெவல், காம்பவுண்டுக்குள்ளே மட்டும். கணக்கர் வையாபுரிக்கு இரண்டாவது, ஊருக்குள்ளே மட்டும். மேனேஜருக்கு மூன்றாவது, இந்தியா பூராவும். முதலாளிக்கு நான்காவது, உலகம் பூராவும். உலகத்தில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, ஆனாலும் இருக்கட்டும் என்றார்.

அன்று சாயங்காலம் குடோன் பொன்னுரங்கம் கேட்டைத் தாண்டும்போது கூட வந்தவனிடம் ‘நாளைக்கு லோடு’ என்று ஆரம்பித்த பேச்சில், ‘நாளைக்கு’ கேட்டுக்கு உள்ளே விழுந்தது, மீதி எங்கேயும் விழவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பொன்னுரங்கம் இரண்டு தடவை கனைத்துப் பார்த்தான். பிறகு ஒரு அடி பின்னால் வந்து, கேட்டுக்குள் நின்று, ‘சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் டீக்கடையில் பேசினார்கள், அப்புறம் பழகிவிட்டது. சாயங்காலமானால் பெண்சாதிகள் பிள்ளை குட்டியோடு காம்பவுண்டுக்குள் வந்து, நிறுத்தியிருக்கும் லாரிகளின் நிழலில் உட்கார்ந்து, வீட்டு விஷயமெல்லாம் பேசி, சண்டை போட வேண்டியதைப் போட்டு முடித்து, அப்புறம் புருஷனும் பெண்சாதியுமாகக் கேட்டைத் தாண்டி அமைதியாக நடந்து போனார்கள். பஸ் கண்டக்டர்கள் ஊர் எல்லைப் பலகை வந்ததும், ‘பவளாயி ரெண்டாம் லெவலெல்லாம் பேசறதப் பேசிக்கங்க’ என்று குரல் கொடுத்தார்கள். கல்யாணத் தரகர்கள் நட்சத்திரத்துக்கு முன்னால் லெவலைக் கேட்டார்கள். சலூன்காரருக்கு மட்டும் வருத்தம். முதல் லெவல்காரர்களுக்கு முடி வெட்டினால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

எழுதிக் காட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். எழுதினார்கள், ஏன் எழுதாமல்? கேட்டைத் தாண்டியதும் எழுத்தெல்லாம் கோழி கிளறியது போல ஆகிவிட்டது. தலையை ஆட்டலாம்தான். ஆனால் நம் ஊர்த் தலையாட்டலில் ஆமாம் எது, இல்லை எது என்று யாருக்குத் தெரியும்? எதிரே இருப்பவர் தனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்கிறார். இதில் எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று உண்டு: ‘லெவலே வேண்டாம், எடுத்துவிடுங்கள்’ என்று ஒரு ஆளும் முதலாளியிடம் போய்க் கேட்கவில்லை. முதல் லெவல்காரன் இரண்டாவதைக் கேட்டான், இரண்டாவதுகாரன் மூன்றாவதைக் கேட்டான். கிடைத்தவன் சட்டைப் பித்தானை மேலே வரைக்கும் போட்டுக்கொண்டான்.

தெய்வானைக்கு எந்த லெவலும் இல்லை. எல்லோருக்கும் பதிந்து முடித்த பிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது. போர்டு ஒரு எக்ஸ்டென்ஷன் அல்ல; போர்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு நம்பர் கிடையாது; நம்பர் இல்லாதவளுக்கு லெவல் எப்படிக் கொடுப்பது? அதனால் அவள் குரல் அந்தப் போர்டு ரூம் வாசல்படியோடு நின்றது. எல்லோருடைய பேச்சும் அவள் விரல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும். அவள் பேச்சு மட்டும் எதிரே இருந்த வராந்தாவுக்குக்கூடப் போகவில்லை. முதலாளியிடம் சொன்னாள். ‘நம்பரு அத்தனையும் தீந்து போச்சே அம்முணி. யாராச்சும் வேலைய விட்டு நின்னாப் பாக்கலாம்’ என்றார். ஒருவரும் நிற்கவில்லை.

வீட்டில் அவள் புருஷன் குழந்தைவேலு, சைக்கிள் கடைக்காரர், இந்த ஏற்பாட்டில் ரொம்பவும் சுகப்பட்டுப்போனார். தெய்வானை முன்பெல்லாம் பேசுகிற பெண். கதவு ஏன் கிரீச்சிடுகிறது என்பதிலிருந்து எதையும் விடமாட்டாள். இப்போதும் விடவில்லை, சத்தம் மட்டும் வரவில்லை. அடுப்புப் பக்கம் நின்று அவள் வாய் அசையும், அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மற்ற புருஷன்மார், பெண்சாதிமார் சாயங்காலம் ஆபீசுக்குப் போகிறார்களே, நீங்களும் போனால் என்ன என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, ‘பொண்டாட்டி வாயப் பாக்க ஆபீசுக்குப் போறதா? நல்லா இருக்குது கதை’ என்றார். தெய்வானை எதிரேதான் நின்றிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அதற்கும் சத்தமில்லை.

மகள் மேகலா மட்டும் காலேஜ் விட்டு வரும்போது போர்டு ரூமில் இறங்கி, அம்மாவிடம் அரைமணி பேசிவிட்டுப் போவாள்.

இப்படியிருக்கும்போதுதான் முதலாளி வீட்டு அம்மாவின் தம்பிக்கு, ராசிபுரத்து மாப்பிள்ளைக்கு, மேகலாவைக் கேட்டு வந்தார்கள். முதலாளி வீட்டுச் சம்பந்தம். குழந்தைவேலு அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து, கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ‘அவங்களா வந்து கேக்கறாங்க, நம்ம தகுதிக்கு இதெல்லாம் கெடைக்குமா’ என்று சுவரிடமும் சொன்னார், சாமி படத்திடமும் சொன்னார்.

தெய்வானைக்கு அந்த மாப்பிள்ளையைப் பற்றித் தெரியும். முதலாளி வீட்டு அம்மா ராசிபுரத்துக்குப் பேசும்போதெல்லாம் லைன் போட்டுக் கொடுப்பவள் அவள்தான். லைன் சேர்ந்ததா என்று காது கொடுத்துப் பார்ப்பது அவள் வேலை. அப்படிக் காது கொடுத்த ஒரு நாளில் கேட்டது, அந்தத் தம்பி முதலில் கட்டிய பெண் ஆத்தூரில் தாய்வீட்டில் இருக்கிறாள் என்பதும், அவள் கை இன்னும் கூடவில்லை என்பதும், அந்தக் கையை முறித்தது யார் என்பதும். கேட்டவுடனே அவள் போர்டின் காதுக்கருவியைக் கழற்றிவைத்தாள், ஆனால் கேட்டது கேட்டதுதான்.

பெண் கேட்டு வந்த அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். குழந்தைவேலு ரசம் கேட்டார்.

மறுநாள் போர்டு ரூமில் மேகலாவிடம் சொன்னாள். மேகலா வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள்.

‘உங்கம்மா சொன்னாளா? எங்கிட்டச் சொல்லலையே.’

‘அம்மா இங்க எப்படிப்பா சொல்லுவாங்க? நீங்க ஆபீசுக்கு வந்து கேளுங்க.’

‘அதெல்லாம் வேண்டாம். பொண்ணப் பெத்தவ அவ. சொல்ல வேண்டியத இந்த வீட்டுல நின்னு, அவளே எங்கிட்டச் சொல்லட்டும், கேட்டுக்கறேன்.’

நியாயமான பேச்சைப் போலவே இருந்தது. பக்கத்தில் நின்ற தெய்வானை தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள். ‘பாத்தியா, அவளே சரிங்கறா’ என்றார் குழந்தைவேலு.

புதன்கிழமை மத்தியானம் வீட்டில் உப்புச் சர்க்கரை மாற்றுவதென்று முடிவாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டுவிட்டால் பேச்சு உறுதி. அதற்கப்புறம் வேண்டாமென்று சொல்கிற குடும்பத்தோடு ஒருவரும் கொண்டு கொடுக்கமாட்டார்கள். இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது. தெய்வானை போர்டு ரூம் சுவரையும் வீட்டுச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள், இரண்டும் ஒரே சுவராகத்தான் தெரிந்தது.

இனி பாஸ்வேர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்டு இருந்த மாதிரி, எல்லாவற்றையும் திறக்கிற பெரிய பாஸ்வேர்டு ஒன்று இருந்தது. அது முதலாளியிடம். யாருக்காவது லெவல் மாற்ற வேண்டுமானால் அவரே போர்டு ரூமுக்கு வருவார், தெய்வானை சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும், அவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையை மூடிக்கொண்டு அழுத்துவார். போர்டில் சிவப்பு விளக்கு எரியும், அதே விளக்கு அவர் ரூமிலும் எரியும். வேலை முடிந்ததும் சட்டென்று மூடிவிடுவார். போர்டு திறந்திருக்கும் வரைக்கும் லெவல் யாரையும் தடுக்காது என்று போர்டு மாட்ட வந்த எஞ்சினியர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

வையாபுரிக்கு மூன்றாவது லெவல் கொடுத்த அன்று, மூடுகிற நேரத்தில் முதலாளிக்குத் தும்மல் வந்துவிட்டது. அடுக்குத் தும்மல். அந்தக் கொஞ்ச நேரத்தில், கேட்டுக்கு வெளியே ஆளில்லாத இடத்தில், ‘ஏத்தோணும், தார்ப்பாய எடுத்து வையி’ என்று பொன்னுரங்கத்தின் குரல் கேட்டதாக வாட்ச்மேன் சொன்னார். எடப்பாடியில் வையாபுரியின் மாமியார், தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துபோன நாற்காலியிலிருந்து ‘காப்பில சக்கரை பத்தலைங்க’ என்று கேட்டு, உள்ளே போய்ச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாராம். இதையும் ஊர் கேட்டுக்கொண்டது. தெய்வானை மட்டும் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் பேச்சு எதுவும் தொலைந்துபோகவில்லை. சொன்ன இடத்திலேயே, சொன்ன வரிசையிலேயே காத்துக்கொண்டு நிற்கிறது.

பாஸ்வேர்டும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சத்தம். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தோடுதான் அவள் வாழ்கிறாள். முதலாளி கையை மூடினாரே தவிர அவள் காதை மூடவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை, தெரிந்துவிட்டது. தொட்டால் முதலாளி ரூமில் விளக்கு எரியும், வேலை போகும் என்ற பயத்தில் அதை அவள் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதலாளி போர்டு ரூமுக்கு வந்தார்.

‘அம்முணி, நாளைக்கு மத்தியானம் டெல்லி லைன் வரும், விட முடியாது. நாங்கெல்லாம் உன்ற வீட்டுக்கு வந்துருவோம். நீ இங்கயே இருந்துக்க. அங்க இருந்தாலும் நீ என்ன பேசப் போறயா?’ என்று சிரித்தார். ‘உன்ற ஊட்டுக்காரர்கிட்டயும் கேட்டுட்டேன். சரின்னுட்டாரு.’

பெற்ற மகளின் நிச்சயத்துக்குத் தாய் வேண்டாம் என்று அந்த இரண்டு ஆண்களும் பேசி முடித்துவிட்டார்கள். தெய்வானைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தாள், அந்த ரூமில் அவளுக்குக் குரல் இருந்தது, என்னவும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே நேரத்தில் அவள் மனசில் ஒன்று ஓடியது: நாளைக்கு மத்தியானம் முதலாளி ரூமில் முதலாளி இருக்கமாட்டார். விளக்கு எரிந்தால் காலி நாற்காலிதான் பார்க்கும்.

‘சரிங்க’ என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் முதலாளியின் கார் கேட்டைத் தாண்டியதும், தெய்வானை முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாக அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மூடுகிற பட்டனிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆவணியிலிருந்து அவள் அந்த வீட்டில் பேசியதெல்லாம் வரிசையில் நின்றது. முதலில் வரப்போவது ‘சாப்பிட வாங்க’. அதற்கப்புறமும் ‘சாப்பிட வாங்க’. பால்காரரிடம் சொன்னது, எண்ணெய் தீர்ந்தது, மேகலாவுக்குத் தலை பின்னும்போது சொன்னது, கதவு கிரீச்சிடுகிறது என்று சொன்னது. இத்தனையும் தீர்ந்த பிறகுதான் அந்த முக்கியமான பேச்சு வரும். அதற்குள் தட்டு மாறிவிட்டால்? ஏன் இத்தனை பேசினோம் என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள். எழுந்து ஓடலாம் என்றால் முடியாது. யாராவது வந்து மூடிவிட்டால் எல்லாம் போச்சு. டெல்லி லைன் மின்னிக்கொண்டே இருந்தது. போர்டு திறந்திருக்கும்போது பேச்சை வாங்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. மின்னட்டும் என்று விட்டாள்.

வையாபுரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ‘அக்கா, டெல்லி...’ என்று ஆரம்பித்தவர் சிவப்பு விளக்கைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். வெளியே போனார். கதவைச் சாத்தி, ஒரு நாற்காலியை இழுத்துக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் ‘அக்கா லைன்ல இருக்காங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

வெளியூர் விளக்கெல்லாம் மின்னியதற்கு நடுவில் உள்ளூர் விளக்கு ஒன்று மின்னியது. எடுத்தாள். அவள் வீட்டுக்கு அடுத்த சுவர், எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் பாஷா பாய்.

‘தெய்வானம்மா, நீங்க ஆபீஸ்லயா இருக்கீங்க?’

‘ஆமாங்க பாய்.’

‘அப்ப உங்க வீட்டுக்குள்ள யாரு பேசறது? உங்க சத்தமாவே இருக்குதே! பால்காரரத் திட்டுது.’

தெய்வானை போர்டை நெருங்கி உட்கார்ந்தாள். ‘பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ரிசீவர ஜன்னல் வழியா எங்க வீட்டுப் பக்கம் நீட்டிப் புடிங்க.’

கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் அவள் வீடு. முதலாளியின் குரல், ‘என்னப்பா இது, யாரு?’ என்றது. குழந்தைவேலு, ‘அது பழசுங்க, நீங்க தட்ட எடுங்க’ என்றார். உறவுக்காரப் பெண் ஒருத்தி சிரித்தாள். அதற்கெல்லாம் மேலே, தன் குரல் அடுப்படியிலிருந்து வந்துகொண்டே இருந்ததைத் தெய்வானை கேட்டாள்: எண்ணெய் தீந்துபோச்சுங்க. கதவுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடக்கூடாதா. சாப்பிட வாங்க. ஏனுங்க, உங்களத்தான். சாப்பிட வாங்க, ஆறிப்போகுது. இத்தனை நாள் தான் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோமா, இவ்வளவு ஆசையாகவா கூப்பிட்டோம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. கூடத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

‘உப்பு எங்க? சக்கரைத் தட்டக் கொண்டா’ என்றார் முதலாளி.

அப்போது அடுப்புக்கும் குடத்துக்கும் நடுவிலிருந்து அது வந்தது.

‘ஏனுங்க, அந்தப் பையன் வேண்டாமுங்க. அவன் முதல்ல கட்டுன புள்ள ஆத்தூர்ல அவங்கம்மா ஊட்டுல கை நீட்ட முடியாம உக்காந்திருக்குது. அந்தக் கைய முறிச்சது இவந்தானுங்க. கூடப் பொறந்த அக்காவே போன்ல சொன்னாங்க, நான் என்ற காதுல கேட்டேன். உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், என்ற புள்ளைய அங்க அனுப்பாதீங்க. தட்டப் பாத்துச் சாப்பிடறீங்களே, ஒருக்கா என்ற மூஞ்சியப் பாருங்க. பாருங்களேன்.’

அதற்கப்புறம், ‘ரசமா? இருங்க, ஊத்தறேன்’ என்றது குரல்.

 பிறகு மேகலாவின் குரல் நடுங்காமல் வந்தது: ‘அப்பா, அம்மா இந்த வீட்டுல நின்னு, உங்ககிட்டயே சொல்லிட்டாங்க.’

குழந்தைவேலு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ‘எந்திரிங்க, போலாம்’ என்று முதலாளி வீட்டு அம்மாவின் குரல் கேட்டது. பாஷா பாய் ரிசீவரை வாய்க்குக் கொண்டுவந்து, ‘அம்மா, எல்லாரும் செருப்புத் தேடறாங்க. உப்புத் தட்டு அப்படியே இருக்குது’ என்றார்.

தெய்வானை போர்டின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். வாய்விட்டு அழுதாள், வராந்தா வரை கேட்டது.

உடனே மூடியிருக்கலாம், மூடவில்லை. பொன்னுரங்கத்தின் அப்பா மார்கழியில் இறந்துபோனார். பொன்னுரங்கம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டே இருந்தானாம், அவர் கண்ணை மூடும் வரைக்கும். அந்தப் பேச்சும் எங்கேயோ வரிசையில் நிற்கும் என்று அவள் காத்திருந்தாள். அன்று மத்தியானம் ஊரெங்கும், டீக்கடையிலும் பஸ்ஸிலும் சலூன் நாற்காலியிலும், ஆளில்லாமல் பேச்சு வந்துகொண்டே இருந்தது. சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பொன்னுரங்கத்தின் வீட்டில் அவன் தாய் வெறும் கட்டிலில் உட்கார்ந்து, ‘அப்பா, நான் வந்துட்டேன், இங்கதான் இருக்கறேன்’ என்று மகன் சொல்லிச் சொல்லி நிறுத்தும் வரைக்கும் கேட்டாள்.

கேட்டில் காரின் ஹாரன் கேட்டபோது தெய்வானை பட்டனை அழுத்தினாள். ஊர் சட்டென்று அடங்கியது.

முதலாளி நேராகப் போர்டு ரூமுக்கு வந்தார். ‘போர்ட யாராச்சும் தொட்டீங்களா?’

‘இல்லைங்க’ என்றார் வையாபுரி. ‘இல்லைங்க’ என்றான் பொன்னுரங்கம். அவன் கண் சிவந்திருந்தது. எல்லோரும் இல்லைங்க என்றார்கள். தன் பாஸ்வேர்டு இன்னொருவருக்குத் தெரியும் என்று ஒத்துக்கொள்ள முதலாளிக்கு மனசு வரவில்லை. போர்டு பார்க்க வேறு ஆளும் இல்லை. துண்டை எடுத்துக் கையை மூடிக்கொண்டு, பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றினார். தெய்வானை சுவர்ப் பக்கம் திரும்பி மரியாதையாக நின்றாள். காது மட்டும் சும்மா இருந்தது, சும்மா இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். வாசல் தாண்டியதும் பழையபடி குரல் இல்லை. மேகலா அவளைக் கட்டிக்கொண்டாள். குழந்தைவேலு தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார். கதவு கிரீச்சிடவில்லை. யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் லாரிகளின் நிழலில் குடும்பம் குடும்பமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே குழந்தைவேலு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வாட்ச்மேன் இரண்டு தடவை ‘உள்ள போங்க’ என்றார். அப்புறம் வந்தார். போர்டு ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

‘சொல்லு’ என்றார். ‘என்னென்ன சொல்லோணுமோ சொல்லு. கேக்கறேன்.’

தெய்வானை அவரைப் பார்த்தாள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. போர்டில் ஒரு விளக்கு மின்னியது. அவள் காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டாள்.

‘கொஞ்சம் இருங்க’ என்றாள். ‘லைன்ல ஆள் இருக்காங்க.’